மகளின் சம்மதமும் என் இரண்டு காதுகளும்

காய்ச்சல் என்று படுத்தால் நாலு பேர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். காது போனால் யாரும் வருவதில்லை. தப்பித்தவறி வந்தாலும் இரண்டு வார்த்தை கத்திப் பேசிப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிக்கொள்வார்கள். இதை வருத்தப்பட்டு எழுதவில்லை. இப்போது எனக்கு நன்றாகவே கேட்கிறது. கேட்காமல் இருந்ததையும் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததையும் என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் இஸ்மாயில். வீடு பூந்தமல்லி. வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், பவர் பிரஸ் ஓட்டும் கம்பெனியில். இரும்புத் தகட்டை வைத்துப் பட்டனை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கி டமார் என்று வெட்டும். அப்படி வரிசையாகப் பல பிரஸ் ஓடும் ஷெட்டில் வாயால் பேசுவது வீண் வேலை. அதனால் எங்களுக்குள் ஒரு கை பாஷை உண்டு. கட்டை விரலை வாயருகே சாய்த்தால் டீ வந்துவிட்டது. தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் சூப்பர்வைசர் வருகிறார். உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமர்த்தினால், மெதுவா. இந்த பாஷையிலேயே நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், சமாதானமும் ஆகியிருக்கிறோம்.

காதுக்கு மாட்டிக்கொள்ள கம்பெனி மூடி கொடுத்தது. பொய் சொல்லக் கூடாது, எல்லோருக்கும் கொடுத்தது. அதை மாட்டினால் வியர்த்து வழிகிறது என்று ஆணியில் தொங்கவிட்டு, மெஷின் துடைக்கிற பஞ்சில் கொஞ்சம் பிய்த்துக் காதில் அடைத்துக்கொண்டு ஓட்டினோம். பக்கத்து பிரஸ்ஸில் நிற்கும் சேக்காட்டு தேவராஜ்தான் இதில் எனக்கு குரு. அவன் அப்பா காலம்வரை சேக்காட்டில் நெல் விளைவித்தவர்கள். இவன் தகடு வெட்ட வந்துவிட்டான்.

ஷெட்டில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால் எனக்குக் கேட்கவில்லை என்பது எனக்கே தெரியவில்லை. வீட்டிலும் தெரியவில்லை. என் மனைவி சபுராவும் மகள் நஸ்ரினும் என்னிடம் கத்திப் பேசிப் பழகிவிட்டார்கள். நஸ்ரின் என்னிடம் பேசுவதற்கு முன்னால், தண்ணீரில் முங்கப் போகிறவள் போல ஒரு மூச்சு இழுத்துக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஷெட்டின் கை பாஷையையும் விளையாட்டாக என்னிடம் கற்றுவைத்திருந்தாள். எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருமுனை வரைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. என்னிடம் சொன்னால் அது ஊருக்கே சொன்ன மாதிரி என்பதால், ரகசியங்களை எனக்குச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள்.

போன வருஷம் நஸ்ரினுக்கு வேப்பம்பட்டில் மாப்பிள்ளை முடிவானது. நல்ல பையன், நல்ல குடும்பம். நிக்காஹ் ஏற்பாடு பற்றிப் பேச சபுராவின் தம்பி ஜாபர் வந்திருந்தான். எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்கள் சபையில் நிக்காஹ் ஓதுவதற்கு முன்னால், பெண்ணின் தகப்பன் இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு பெண் இருக்கும் அறைக்குப் போய், இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும். அவள் சொல்லும் பதிலைக் கொண்டுவந்து சபையில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

ஜாபர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "நீங்க சபையிலயே உக்காந்துகினு இருங்க மச்சான். நான் போய்க் கேட்டுகினு வந்துர்றேன்" என்றான்.

"ஏன், எனக்கு இன்னா கால் இல்லையா?"

"கால் கீது மச்சான். காதுதான் இல்ல. பொண்ணு அந்த நேரத்துல கத்திகினா சொல்லும்?"

இதையும் அவன் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் எனக்குக் காது போய்விட்டது என்ற செய்தி எனக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளிவாசலில் இமாமிடம் போய்க் கேட்டேன். அவர் என் காதருகே குனிந்து, பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாலும் சரி, பேசாமல் இருந்தாலும் சரி, அது சம்மதம்தான், கவலைப்படாதீர்கள் என்றார். மார்க்கத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. இருப்பது ஒரே பிள்ளை. அவள் வாழ்க்கையில் சொல்லப்போகிற ஒரே ஒரு சம்மதம். அதை இன்னொருத்தன் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்வதா? என் காதால் கேட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

யாரிடமும் சொல்லாமல் எங்கள் தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காது மூக்கு தொண்டைப் பிரிவின் வெளியே ஒரு நீள வராந்தா. அங்கே ஒரு வேடிக்கை. காது கேட்காதவர்களை உட்காரவைத்து, உள்ளிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நாங்கள் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு, உதவியாளரின் வாய் அசையும்போதெல்லாம் கூட்டமாக எழுந்து நின்றோம். கூட மனைவியோ மகனோ வந்தவர்கள் விலாவில் இடி வாங்கி உள்ளே போனார்கள். தனியாகப் போன எனக்கு இடிக்க ஆள் இல்லை. என் முறை எப்போதோ வந்து போய்விட்டது. வராந்தா காலியான பிறகு உதவியாளரே வந்து தோளைத் தட்டினார். சூப்பர்வைசர் வருகிறாரோ என்று நான் துள்ளி எழுந்தேன்.

டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். இடது காதுக்குள் மெல்லிய இடுக்கியை விட்டு, எண்ணெய் படிந்து கறுத்துப்போன ஒரு பஞ்சு உருண்டையை எடுத்துத் தட்டில் போட்டார். எந்தக் காலத்துப் பஞ்சோ. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவுதானா, அடைப்புதானா என்று கிளம்பப் பார்த்தேன். அவர் சிரித்தபடி உட்காரச் சொல்லி, சீட்டில் எழுதிக் காட்டினார்: அடைப்பை எடுத்தாச்சு. காது எவ்வளவு கேக்குதுன்னு இனிமேதான் பாக்கணும். அடுத்த தடவை வீட்டுல யாரையாவது கூட்டிட்டு வாங்க.

நஸ்ரினிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயை ஊற்றிக்கொடுத்தாள். எதற்காக இந்த வயதில் திடீரென்று காது பார்க்கிறேன் என்று அவள் கேட்கவே இல்லை. ஜாபர் சொன்னதுதான் தெருவுக்கே தெரியுமே.

சோதனை செய்தது பிரியா என்ற பெண். இவர்களை ஆடியாலஜிஸ்ட் என்கிறார்கள். எவ்வளவு கேட்கிறது என்று அளந்து, அதற்கேற்ற மெஷினைப் பொருத்துவது இவர்கள் வேலை. சத்தமே புகாத ஒரு சின்ன அறையில் என்னை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். மெல்லிசாக ஒரு கூ சத்தம் வரும், கேட்டால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

கதவை மூடியதும் எனக்குப் பயமாகிவிட்டது. அவ்வளவு நிசப்தத்தில் நான் இருந்ததே இல்லை. தலைக்குள் கிர்ர் என்று ஓர் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூ சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பிரியாவின் முழங்கை லேசாக அசைவது தெரிந்தது. அவள் ஏதோ அமுக்குகிறாள் என்றால் சத்தம் அனுப்புகிறாள் என்றுதானே அர்த்தம்? ஷெட்டில் காலமெல்லாம் கையைப் பார்த்தே காது கேட்டவன் நான். முழங்கை அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன். ஒன்றுகூட விடவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போயிற்று.

வெளியே வந்தால் பிரியா தாளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நஸ்ரினிடம் திரும்பி ஏதோ சொன்னாள். நஸ்ரின் மூச்சு இழுத்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்: "அத்தா, இந்தத் தாளு படி உங்களுக்குக் கொழந்தைய விட நல்லா காது கேக்குதாம்."

"பின்ன இன்னா, ஊட்டுக்குப் போலாம் வா" என்றேன்.

பிரியா போக விடவில்லை. வராந்தாவில் பேர் கூப்பிட்டபோது மகள் இடித்துத்தானே எழுந்தீர்கள் என்று கையைக் காட்டிக் கேட்டாள். பிறகு என் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை ரொம்ப நேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் எனக்கு உண்மையாகவே காது போய்விட்டது என்பது உறைத்தது.

இரண்டாவது தாளில் ஒரு கோடு இடப்பக்கம் ஓரளவு நேராகப் போய், வலப்பக்கம் மாடிப்படி மாதிரி இறங்கியது. பிரியா என் எதிரே உட்கார்ந்து, கத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஆச்சரியமாக அவள் சொன்னது எனக்குப் பெரும்பாலும் புரிந்தது.

"ஐயா, காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒரு பாகம் இருக்கு. அதுக்குள்ள வரிசையா பொடிப்பொடி முடிங்க. சத்தம் வந்தா அதுங்க ஆடித்தான் மூளைக்குச் சேதி போகும். பிரஸ் சத்தத்துல நிறைய முடி சாஞ்சிடுச்சு. சாஞ்சது திரும்ப நிமிராது. மருந்து கிடையாது. இருக்கிறத வச்சுக் கேக்க வைக்கலாம்."

"தேவராஜு பேசுனா கேக்குதும்மா. இவ பேசுனாதான் புரியல."

"அவரு குரல் கனமா இருக்குமா? அது இந்தப் பக்கம், இடப்பக்கம். மெல்லிசு சத்தமெல்லாம் வலப்பக்கம். பொம்பளைங்க குரல், கொழந்தைங்க குரல், வார்த்தையில வர்ற சி, ச, தி மாதிரி எழுத்தெல்லாம் இங்கதான் வரும். அது போய்ச் சேராததால சத்தம் வருது, சொல்லு புரியல."

"எம் பொண்ணு குரல் எங்க இருக்கு?"

அவள் பேனா முனையை வலப்பக்கம், என் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்த இடத்துக்கு நேர் மேலே வைத்தாள். கோட்டுக்கு மேலே விழும் சத்தம் உங்களுக்கு எட்டாது என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் எத்தனையோ குரல் இருக்க, நான் தொலைத்தது என் பிள்ளையின் குரலையா? நஸ்ரின் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கடுத்த நாட்கள் காத்திருப்பில் போயின. காதுக்குள் மாவு போல ஒன்றை அடைத்து அச்செடுத்தார்கள். அச்சு வேலை எனக்குத் தெரியும் என்பதால் அதில் மட்டும் பிரியாவுக்கு யோசனை சொன்னேன். காப்பீட்டில் வருவதால் மெஷினுக்குக் கையிலிருந்து செலவில்லை, கையெழுத்துகள்தான் நிறைய. காப்பீடு இல்லாதவர்கள் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம் என்று வராந்தாவில் ஒருவர் சொன்னார். தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

மெஷின் மாட்டிய அன்று கூட வந்தது சபுரா. இரண்டு காதுக்குப் பின்னாலும் பீன்ஸ் விதை அளவில் ஒன்று, அதிலிருந்து மெல்லிய குழாய், காதுக்குள் அச்சு. பிரியா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். முதலில் கேட்டது சபுராவின் வளையல். அப்புறம் மின்விசிறி. அப்புறம் யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம்; பார்த்தால் என் செருப்புதான். வாழ்நாள் முழுக்க இப்படியா தேய்த்துக்கொண்டு நடந்தேன் என்று வெட்கமாகிவிட்டது.

வீட்டில் நடந்ததுதான் பெரிய கூத்து. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் ஒரு பெண் தணிந்த குரலில் யாரையோ விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டால், திட்டு எனக்கு. "சொன்ன சாமான ஒண்ணாவது ஒழுங்கா வாங்கியாந்தா இன்னா? கருவேப்பிலைய மறந்துட்டு வந்து நிக்குது, இதுல மொறைப்பு வேற."

"நாளைக்கு வாங்கியாறேன்" என்றேன்.

அடுப்படி நின்றுபோயிற்று. சபுரா கரண்டியோடு வெளியே வந்து என்னையே பார்த்தாள். "எம்மாம் வருசமா திட்டிகினு கீறேன் தெரியுமா? ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்திருப்பீங்களா? இனிமே நான் எங்க போய்த் திட்றது?" என்று கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். அவள் சிரிப்புக்குச் சத்தம் இவ்வளவு உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நஸ்ரினுக்குத்தான் பழக்கம் விடவில்லை. வேலையிலிருந்து வந்தவள் மூச்சு இழுத்து, "அத்தா, கேக்குதா" என்று கத்தியதில் நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டாள். அதையும் கத்தித்தான் கேட்டாள். தினமும் இதே கதை.

எல்லாம் சுகமாகவே போகவில்லை. சொந்தத்தில் ஒரு நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் வைத்த வலீமா விருந்துக்கு மெஷினை மாட்டிக்கொண்டு பெருமையாகப் போனேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் தட்டு, நாற்காலி, பிள்ளைகள், பேச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தலையில் கொட்டியது. எதிரே நின்று பேசியவர் சொன்னது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பிரியாணியைப் பார்த்துக் குனிந்தேன். ஜாபர் அதைப் பார்த்துவிட்டான். "நான்தான் சொன்னேன்ல மச்சான், உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு" என்றான். அவன் கெட்டவன் இல்லை, நான் சபையில் அவமானப்படக் கூடாது என்று நினைக்கிறவன். ஆனாலும் அந்தப் பிரியாணி எனக்கு இறங்கவில்லை. நிக்காஹும் இதே மாதிரி மண்டபத்தில்தானே?

மறுபடியும் பிரியாவிடம் ஓடினேன். அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். "இது கண்ணாடி மாதிரி இல்ல ஐயா, மாட்டினதும் சரியாப் போறதுக்கு. இத்தன வருசம் பட்டினி கெடந்த மூளைக்குத் திடீர்னு விருந்து வச்சா என்ன பண்ணும்? கொஞ்சங்கொஞ்சமாப் பழக்குங்க. மொதல்ல வீடு, அப்புறம் தெரு, அப்புறம் கூட்டம்." கூட்டத்தில் இரைச்சலைக் குறைக்க மெஷினில் தனியாக ஒரு செட்டிங் வைத்து, அதற்கான சின்னப் பொத்தானைக் காட்டிக்கொடுத்தாள். பேசுகிறவர் முகம் பார்த்து நிற்க வேண்டும், இரைச்சல் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வியர்வை பட்டால் துடைத்து ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும். காதை ஒட்டி யாராவது வந்தால் மெஷின் கீ என்று விசிலடிக்கும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள்.

அன்றிலிருந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு எனக்குப் பள்ளிக்கூடம். வேலை முடிந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கண்டக்டர்கள் கூவும் ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். துணைக்கு ஒரு நாள் தேவராஜ் வந்தான். கொஞ்ச நேரம் என் முதுகுப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தான்.

"அண்ணாத்தே, பின்னாடி நின்னு உன்ன ஒரு வார்த்த திட்னேன். கேட்டுதா?"

"ஒரு வார்த்தையா? மூணு."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பஸ் ஏறும் முன் என் காதையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரில காது பாக்குற அந்தப் பொண்ணு எந்தக் கெழமைல இருக்கும்?" என்று மெதுவாகக் கேட்டான். ஆணியில் தொங்கும் காது மூடியை முதலில் எடுத்து மாட்டு, நானும் மாட்டுகிறேன், அப்புறம் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

நிக்காஹ் கரையான்சாவடி மெயின் ரோட்டு மண்டபத்தில். காலையிலேயே இரண்டு மெஷினுக்கும் புது பேட்டரி போட்டேன். சபையில் இமாம் தலையாட்டியதும் எழுந்தேன். ஜாபரும் எழுந்தான். "மச்சான், முடியலன்னா கண்ணக் காட்டுங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் ஒரு சாட்சி, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் இன்னொரு சாட்சி. மூவரும் மாடியில் பெண்கள் இருந்த அறைக்குப் போனோம்.

அறை முழுக்கப் பெண்கள், குழந்தைகள், பட்டுச் சரசரப்பு, பூ வாசனை. நான் கதவுக்கு முதுகைக் காட்டி, நஸ்ரினின் முகத்துக்கு நேராகப் போய் நின்று, பொத்தானை அழுத்தினேன். இரைச்சல் கொஞ்சம் விலகியது. மாப்பிள்ளையின் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹரையும் சொல்லி, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டேன். என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது.

நஸ்ரின் நிமிர்ந்தாள். பழக்க தோஷம், ஒரு பெரிய மூச்சு இழுத்தாள்.

நான் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அமர்த்தினேன். அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் அது புரியும். இழுத்த மூச்சை அப்படியே விட்டாள். கண் நிறைந்துவிட்டது. சிரித்துக்கொண்டு, வாய் அசைவது தெரியாத அளவுக்கு மெதுவாக, "சம்மதம் அத்தா" என்றாள்.

முழுசாகக் கேட்டது. எழுத்துக்கு எழுத்து கேட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

பின்னாலிருந்து ஜாபர் என் தோளைத் தொட்டான். "இன்னா சொல்லுச்சு மச்சான்? எனக்குக் கேக்கல."

பெரியவரும் கையைக் காதருகே வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சாட்சிகளுக்குக் கேட்கவில்லை என்றால் என்ன சாட்சி? "இன்னொரு வாட்டி சொல்லும்மா, மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன். பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இந்த முறை நஸ்ரின் எனக்காக வளர்த்துவைத்திருந்த குரலை முழுசாக எடுத்து, சம்மதம் என்று ஒரு போடு போட்டாள். கீழே ஆண்கள் சபையிலிருந்து மாஷா அல்லாஹ் என்று பதில் வந்தது. நான் இறங்கிப் போய்ச் சொல்வதற்கு மிச்சம் ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்து அவர்கள் கிளம்பும் நேரம். நஸ்ரின் கட்டிப்பிடித்து என் காதருகே வாயைக் கொண்டுவந்தாள். மெஷின் கீ என்று விசிலடித்தது. இருவரும் பதறி விலகினோம். அவள் கையெட்டும் தூரத்தில் நின்று, சுற்றிலும் அவ்வளவு பேர் இருக்க, குரலைத் தணித்து என்னிடம் ஒன்று சொன்னாள். நான் தலையாட்டினேன். கார் கிளம்பியது.

சபுரா உடனே என் பக்கத்தில் வந்துவிட்டாள். "இன்னா சொன்னா அவ?"

நான் இரண்டு காதையும் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை விரித்தேன்.